லொறி வருவதற்கு முன் எங்களுக்கும் சொல்லுங்கள்: முட்டைப் பண்ணை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பஹா, குருநாகல், புத்தளம் மாவட்டங்களில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

போன கிழமை உங்களில் ஒருவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. “இனிமேல் தனி ஆட்களுக்குக் கோழி குடுக்கிறதில்லை மிஸ். கூடு காலி பண்ணினா மொத்தமா லொறிக்குத்தான். மற்ற முதலாளிமாரும் அப்படித்தான் கதைச்சு வச்சிருக்கிறாங்க.” திரும்ப எடுத்தேன், தூக்கவில்லை. வேறு பண்ணைகளுக்கு எடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். ஒருவர் மட்டும் கொஞ்சம் நின்று, “சூப்புக்குப் போற கோழிக்கு எதுக்கு இவ்வளவு கரைச்சல்?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி, பதில் சொல்லவேண்டிய கேள்வி. முடிவு பலபேர் கூடி எடுத்ததாக இருப்பதால் பதிலையும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். எந்தப் பண்ணையின் பெயரும் இதில் வராது. சிங்களத்தில் எழுதியதும் உங்களுக்குத் தனியாக வந்து சேரும்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: நாங்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கம் இருக்கும் சில குடும்பங்கள். சங்கம் இல்லை, பதிவு இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதிலும் பாதி நேரம் கறிவேப்பிலைக் கன்று யாருக்கு வேண்டும் என்ற கதைதான் ஓடும். உங்கள் கூண்டுகளில் முட்டைக் காலம் முடிந்து இறக்கும் கோழிகளில் கொஞ்சத்தை, இறைச்சிக்கு ஏற்றும் லொறிக்காரர் தரும் அதே விலையைக் கொடுத்து வாங்குகிறோம். சில வாரம் வைத்துத் தேற்றி, வளவு உள்ள வீடுகளுக்குக் கொடுக்கிறோம். அறுப்பதில்லை, விற்பதில்லை. வாங்கிக்கொண்டு போகிறவர்களிடமும் அந்த வாக்கை வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறோம். தெமட்டகொடையில் ஒருவர் வந்து, “பிறகு அறுக்கலாமா?” என்று நேரேயே கேட்டார். இல்லை என்றோம். கோபித்துக்கொள்ளவில்லை. இன்னும் குழுவில்தான் இருக்கிறார், தவிடு எங்கே மலிவு என்று எங்களுக்குச் சொல்வதே அவர்தான்.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்ப்பவள். அதனால் உங்கள் பக்கத்துக் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு லேயர் கோழி நாளுக்கு 110 கிராம் அளவில் தீவனம் தின்னும். முட்டை இட்டாலும் தின்னும், இடாவிட்டாலும் தின்னும். இருபது வாரத்தில் முட்டைக்கு வந்த கோழி எழுபத்திரண்டு, எண்பது வாரம் ஆகும்போது முட்டை குறைகிறது, ஓடு மெலிகிறது, தட்டில் அடுக்கும்போதே உடைகிறது. அடுத்த தொகுதிக் குஞ்சுகள் வளர்ந்து காத்திருக்கும். கொட்டகையை முழுதாகக் காலிசெய்து கழுவி மருந்தடித்தால்தான் புதுக் கோழியை ஏற்றலாம். 2022 இல் தீவனம் இல்லாமல், இருந்தாலும் வாங்க முடியாமல் நீங்கள் பட்டது எனக்கும் நினைவிருக்கிறது. வர்த்தமானியில் முட்டைக்கு அதிகபட்ச விலை போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். அந்தக் காலத்தில் கொழும்பில் உங்களைத் திட்டாத பேக்கரி இல்லை. முட்டை மலிவாகவும் வேண்டும், தட்டுப்பாடும் இருக்கக்கூடாது, கூண்டும் இருக்கக்கூடாது என்று ஒரே மூச்சில் கேட்கிற கொழும்பு ஆட்களில் ஒருத்தியாக நான் எழுதவில்லை.

கூடு காலி செய்யாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. காலி செய்கிற அன்றைக்கு, லொறிக்குப் போகிற ஆயிரக்கணக்கில் இருபது முப்பதை எங்கள் பக்கம் தள்ளிவிடுங்கள் என்றுதான் இவ்வளவு நாளும் கேட்டோம். அதையும் மறுக்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

கோழிகள் எங்களிடம் எந்தக் கோலத்தில் வருகின்றன என்பதை உங்களில் பலர் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். கூண்டில் பார்ப்பது வேறு, தரையில் இறக்கிவிட்டுப் பார்ப்பது வேறு. கழுத்திலும் நெஞ்சிலும் இறகு இல்லை, தோல் சிவந்து கிடக்கும். வால் இருந்த இடத்தில் நாலைந்து ஈர்க்குகள் குத்திட்டு நிற்கும். கொண்டை வெளிறி, பெருத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொங்கும். கிளறித் தேய்க்க மண் கிடைக்காத நகம் நீண்டு வளைந்திருக்கும். பெட்டியைத் திறந்தால் வெளியே ஓடும் என்று நினைப்பீர்கள். ஓடாது. நான்கும் ஐந்துமாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பெட்டியின் மூலையிலேயே நிற்கும், மூடி திறந்துதான் இருக்கும். தூக்கி மண்ணில் விட்டால் ஒரு காலை உயரத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். சரிந்த கம்பித் தரையைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத கால்.

தண்ணீர்ப் பாத்திரமும் தெரியாது. உங்கள் கூண்டில் நிப்பிள் குழாயைக் கொத்திக் குடித்துப் பழகியது, பக்கத்தில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் இருக்கத் தாகத்தோடு நிற்கும். ஒவ்வொன்றாகப் பிடித்துச் சொண்டை மெல்லத் தோய்த்துக் காட்டவேண்டும். ஒன்று குடித்துவிட்டால் போதும், மற்றவை பார்த்துப் பழகிக்கொள்ளும். சாப்பாடும் அப்படித்தான். குஞ்சில் சொண்டு வெட்டப்பட்ட கோழி சீமெந்துத் தரையில் ஒரு குருணலைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், எடுக்க வராது. ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் அள்ளித் தின்னும். சொண்டு ஏன் வெட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திக் குதறிவிடும் என்பதற்காக. அந்த நெருக்கத்தைப் பற்றியும் ஒரு வரி. ஏ4 தாள் ஒன்றின் பரப்பு 620 சதுர சென்டிமீற்றருக்குச் சற்று மேல். வழக்கமான கூண்டு முறையில் ஒரு கோழிக்கு வருவது 450 முதல் 550 வரை. என் மேசையில் அந்தத் தாள் நாள் முழுக்கக் கிடக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திப் பார்க்க வைப்பது மண்குளிப்புத்தான். கம்பியில் நிற்கும்போதே கோழி மண்குளிக்க முயலும், மண்ணே இல்லாமல். குந்தி, சரிந்து, சிறகை அடித்து, ஒன்றுமில்லாத கம்பியில் உடம்பைத் தேய்க்கும். கோழிகளின் நடத்தையைப் படித்தவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கொட்டகையில் வேலை செய்யும் பொடியன்களும் கண்டிருப்பார்கள், என்னவென்று தெரியாமல். எங்கள் முருங்கை மரத்தடியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி வைத்திருக்கிறோம். வந்த கோழி முதல் நாள் அந்தப் பக்கம் போகாது. பிறகொரு நாள் குழி ஓரத்தில் நின்று காலால் கிளறும், நிறுத்தும், நம்பாததுபோல் பார்க்கும், திரும்பக் கிளறும். அப்புறம் ஒரேயடியாக விழும். ஒரு பக்கம் சரிந்து, கழுத்தை மண்ணில் தேய்த்து, இறகே இல்லாத சிறகால் மணலை முதுகுக்கு வாரி இறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். புதிதாகக் கோழி வாங்கிய வீட்டிலிருந்து பதறிப்போய்ப் போன் வரும்: “அக்கா, கோழிக்கு வலிப்பு வந்திட்டுது!” இல்லையம்மா, குளிக்கிறது, விடுங்கோ.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தாய்க்கோழி என்று ஒன்றை அது கண்டதே இல்லை. பொறிப்பானில் பிறந்து, கொட்டகையில் வளர்ந்து, கூண்டில் ஏறியது. அப்படியிருந்தும் மண்ணைக் கண்டதும் செய்யத் தெரிகிறது. சூப்புக்குப் போகிற கோழிக்கு எதற்கு இவ்வளவு கரைச்சல் என்று கேட்ட ஐயா ஒரு பின்னேரம் வந்து எங்கள் முருங்கையடியில் ஒரு தேத்தண்ணியோடு உட்கார்ந்து பார்க்கட்டும். கேள்விக்கு என் பதில் அதுதான்.

மற்றது எலும்பு. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு கிராம் கல்சியம் போகிறது. வருடத்துக்கு முன்னூறுக்கு மேல் முட்டை இடும் கோழிக்குத் தீவனத்தில் இருந்து வருவது போதாத நேரம் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நடமாட்டமும் இல்லையென்றால் எலும்பு இன்னும் மெலியும். நாங்கள் வாங்கும் கோழிகளின் நெஞ்செலும்பில் விரலை ஓட்டினால் சிலவற்றில் முடிச்சுப்போலத் தட்டுப்படும்; முறிந்து, தானாகப் பொருந்திய இடம் என்று மிருக வைத்தியர் சொன்னார். இந்த எலும்போடு இருக்கிற கோழியைத்தான் உங்கள் ஆட்கள் ஒற்றைக் காலில் பிடித்துக் கூண்டு வாயால் இழுத்து, ஒரு கைக்கு நாலைந்தாகத் தலைகீழாகத் தூக்கிப்போய் லொறிப் பெட்டியில் எறிகிறார்கள். பிரித்தானியாவில் 1989 இல் வெளியான ஓர் ஆய்வு, கூண்டிலிருந்து பிடித்து ஏற்றி அறுப்பிடத்துக்குக் கொண்டுவந்த கோழிகளில் 29 சதவீதத்துக்கு, உயிரோடு இருக்கும்போதே ஓர் எலும்பாவது முறிந்திருந்ததைக் கண்டது. நூற்றுக்கு இருபத்தொன்பது. இங்கே யாரும் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை, ஆனால் எங்களிடம் கால் இழுத்துக்கொண்டு வந்திறங்கியவற்றை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியில் ஏற்றும்போது நன்றாக இருந்த கோழி வத்தளை வரும்போது எழும்ப மாட்டாமல் கிடந்திருக்கிறது.

எல்லாம் பிழைப்பதில்லை. அதையும் சொல்லவேண்டும். முட்டை உடம்புக்குள்ளேயே உடைந்து அழற்சியாகிச் செத்தவை உண்டு. ஓடில்லாத தோல் முட்டையாக இட்டு, பின்பக்கம் வெளியே தள்ளி, வைத்தியரிடம் கொண்டுபோக முதலே முடிந்தவை உண்டு. முட்டைக்கென்றே உருவாக்கிய இனம், எங்களிடம் வந்ததும் ஊர்க்கோழி ஆகிவிடாது.

பிழைக்கிறவை தேறுகிற அழகைச் சொல்கிறேன். முதல் நாட்களில் உங்கள் பண்ணையில் போட்ட அதே லேயர் மாஷ் தீவனம்தான் போடுவோம். சட்டென்று மாற்றினால் வயிறு கெடும். வீட்டாருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, சோறு போட்டே கொன்றுவிடாதீர்கள் என்பது. நம் ஆட்களுக்குக் கோழி என்றால் மிஞ்சின சோறும் தேங்காய்ப்பூச் சக்கையும்தான். இறகு முளைக்கிற காலத்தில் அதற்குப் புரதம் வேண்டும், கூடவே சிப்பி ஓடு தனிப் பாத்திரத்தில், முருங்கையிலை, உப்பில்லாமல் அவித்த மீன்தலை. செள்ளுப் பார்க்க இரவில் டோர்ச் லைட்டோடு கூட்டின் இடுக்குகளைத் தேடவேண்டும், செஞ்செள்ளு பகலில் கோழியில் இருக்காது, மரத்தில் ஒளிந்திருக்கும். கொழும்பு வெக்கை வேறு. சித்திரை மாதத்தில் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும்போது கராஜில் வைத்து மேசை ஃபேன் பிடித்திருக்கிறோம். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். மழை பிடித்தால் இறகில்லாத உடம்பு நனைந்து விறைத்துவிடும், அப்போதும் கராஜ்தான்; கார் ரோட்டில் நிற்கும்.

காகம் ஒரு பெரிய எதிரி. வெறும் தோலைக் கண்டால் இறங்கிக் கொத்தும். தெஹிவளைக் கால்வாய்ப் பக்கத்து வீடுகளில் கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு மதில் தாண்டி வரும், கீரி எங்கும் உண்டு, இரவில் மரநாய். ஆகவே வலை மூடிய இடம் உள்ளவர்களுக்குத்தான் கொடுப்போம், பொழுதுபட்டதும் பூட்டுகிறவர்களுக்குத்தான் கொடுப்போம். கோழிக்கு முதல் வாரங்களில் கூட்டுக்குள் போகவே தெரியாது. இருட்டியதும் நின்ற இடத்திலேயே குந்திவிடும், ஒவ்வொன்றாகத் தூக்கிவைக்கவேண்டும். தடியில் ஏறி உறங்கத் தெரிந்துகொள்ள இன்னும் நாளாகும். தொடர்மாடிக்காரர்களுக்கு இல்லை, பல்கனியில் வளர்க்கிறோம் என்று எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. ஒற்றைக் கோழியாகவும் கொடுப்பதில்லை, குறைந்தது மூன்று ஒன்றாகப் போகவேண்டும். அயலவர்கள் விடியச் சத்தம் போடுமே என்று பயப்படுவார்கள். கூவுவது சேவல், இவை பேடுகள், முட்டையிட்டால் ஒரு கொக்கரிப்பு, அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்திவிட்டு முதல் முட்டைகளை மதிலுக்கு மேலால் நீட்டினால் பிரச்சினை அநேகமாகத் தீர்ந்துவிடும்.

ஆம், முட்டை. கொஞ்ச நாள் நிறுத்தி, புது இறகு போட்டு, கொண்டை சுருங்கிச் சிவந்து, பிறகு இடத் தொடங்கும். உங்கள் கணக்குக்குக் கட்டுப்படியாகாத அளவுதான், ஆனால் மூன்று கோழி உள்ள வீட்டில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் காணும். கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் போனபிறகு வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவர் என்று மகள் சொல்லித்தான் கோழி கேட்டார். இப்போது மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் கேட்டதும் கோழிகள் கேட்டுக்கு ஓடும், அவற்றின் பின்னால் டீச்சரும் ஓடுவார், மீன்காரர் செவுளும் குடலும் தனியாகக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். இந்தக் கோழிகளை நீங்கள் முடிந்த சரக்கு என்று பதிவில் எழுதி மூடியிருந்தீர்கள்.

இனி, நீங்கள் மறுக்கிற காரணங்களுக்கு வருகிறேன்.

முதலாவது அந்தப் படம். கோழி வாங்கிய ஒருவர் இறகில்லாத கோழிகளைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டார். பின்னால் தெரிந்த பெட்டியில் பண்ணையின் பெயர் இருந்தது. ஆட்கள் அதன்கீழே வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். அவரை எடுக்கச் சொன்னோம், எடுத்தார், அதற்குள் பரவிவிட்டது. ஒரு பண்ணையின் பெயர் மட்டும் தனியாக அடிபட்டது அநியாயம்தான், ஏனென்றால் எல்லாப் பண்ணையிலும் நிலைமை அதுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். படம் பொய்யில்லை. அந்தக் கோழிகள் அன்று காலை கூண்டிலிருந்து இறங்கியவை. இறகை நாங்கள் பிடுங்கவில்லை. படம் வெளியே வந்ததற்குப் பரிகாரமாகக் கோழியை வெளியே விடாமல் வைப்பது என்ன நியாயம்? நீங்கள் மறைப்பது எங்களிடமிருந்து அல்ல, முட்டை வாங்கித் தின்கிற எல்லோரிடமிருந்தும் என்றாகிவிடும்.

இரண்டாவது நோய்ப் பயம். இது நியாயமான பயம். ராணிக்கெட்டோ கம்போரோவோ ஒரு கொட்டகைக்குள் புகுந்தால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் ஓரளவு தெரியும். அதனால்தான் நாங்கள் ஒருபோதும் கேட்டைத் தாண்டி வந்ததில்லை, இனியும் வரமாட்டோம். பெட்டிகளைக் கழுவி மருந்தடித்துக் கொண்டுவருகிறோம். வாங்கிய கோழி திரும்பி வராது. இறைச்சிக்கு ஏற்றுகிற லொறி ஒரே நாளில் எத்தனை பண்ணைக்குள் போய்வருகிறது என்று யோசித்துப் பார்த்தால், கேட்டுக்கு வெளியே நிற்கிற எங்கள் ஓட்டோவுக்குப் பயப்படுவது எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது, சில்லறையாகக் கொடுப்பது மினக்கேடு என்பது. அது உண்மை. இருபது கோழிக்காக ஓர் ஆளை அரை மணித்தியாலம் ஒதுக்கவேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்கு என்ன கூலியோ அதைச் சொல்லுங்கள், தருகிறோம்.

இது கொழும்பில் சிலபேருக்குப் பிடித்த பைத்தியம் என்று ஒதுக்கவேண்டாம். பிரித்தானியாவில் பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபெயார் ட்ரஸ்ட் என்ற அமைப்பு 2005 முதல் இதே வேலையைச் செய்து, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு வீடு கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. பண்ணையாளர்களோடு சண்டை பிடித்து அல்ல, அவர்களிடமே கேட்டு வாங்கி. அங்கே கோழி கொடுத்த பண்ணைகள் மூடிப்போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் சட்டம் எழுதி, பண்ணைகளுக்குப் பன்னிரண்டு வருடத் தவணை கொடுத்து, 2012 ஜனவரி 1 முதல் பழைய வெறுங்கம்பிக் கூண்டை நிறுத்தியது. ஒரே நாளில் யாரையும் கூண்டை உடைக்கச் சொல்லவில்லை.

இங்கே சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. காட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. விலங்குகளை வதைப்பதற்கு எதிராக நம்மிடம் உள்ள கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அதில் போட்ட தண்டம் நூறு ரூபாய். இன்றைக்கு நூறு ரூபாய்க்கு எத்தனை முட்டை வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிதாக ஒரு விலங்கு நலச் சட்டமூலம் தயாரித்துக் கொடுத்தது. அது அமைச்சு மாறி அமைச்சாக இழுபட்ட கதை ஊரறிந்தது. ஆகவே உங்களைக் கட்டுப்படுத்த வெளியே எதுவும் இல்லை. முன்னேஸ்வரம் கோயிலில் வேள்விக்கு ஆடு கோழி போன காலத்தில் தொலைக்காட்சி வரை விவாதம் நடந்தது. பக்கத்திலேயே கொட்டகை கொட்டகையாக நிற்கும் கோழிகளைப் பற்றி அதே ஆட்கள் வாய் திறப்பதில்லை, அடுத்த நாள் காலை முட்டை அப்பம் சாப்பிடுகிறார்கள். இதில் நானும் அடக்கம். முட்டை அப்பத்தை நான் விட்டுவிடவில்லை. அதனால்தான் தின்றதற்குக் கைமாறாக ஏதாவது செய்யப் பார்க்கிறேன்.

கேட்பவை இவை.

தனி ஆட்களுக்குக் கோழி கொடுப்பதில்லை என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். எல்லோரும் சேர்ந்து திரும்பப் பெறக் கஷ்டமென்றால், கொடுக்க விரும்புகிற பண்ணை கொடுக்கலாம், மற்றவர்கள் அதற்காக அவரைக் குறைசொல்லமாட்டோம் என்றாவது ஒத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர் இரகசியமாக, “நான் தாறன், ஆனா வெளியில தெரியக்கூடாது” என்று சொன்னார். இருபது கிழட்டுக் கோழியைக் கொடுக்க ஒரு மனிதர் ஒளிக்கவேண்டிய நிலைமையை உண்டாக்காதீர்கள்.

கொட்டகை காலி செய்யும் நாளை இரண்டு கிழமைக்கு முன் சொல்லுங்கள். வீடு தேட, கூடு அடிக்க, பெட்டி சேர்க்க எங்களுக்கு அந்த நாட்கள் தேவை. முதல் நாள் இரவு பத்து மணிக்குச் சொல்லி விடிய நாலு மணிக்கு வா என்றால் பாதிக் கோழியை விட்டுவிட்டுத்தான் வரவேண்டியிருக்கிறது.

என்னென்ன தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். அது இல்லாமல் வீட்டில் ஏற்கெனவே கோழி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. என்ன மாஷ் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் உதவி.

எங்களுக்குத் தருகிறவற்றை மட்டுமாவது உடம்போடு சேர்த்து, சிறகை அணைத்து இரண்டு கையாலும் பிடித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களுக்கு நேரமில்லையென்றால் கேட்வரை கூண்டைத் தள்ளி விடுங்கள், நாங்களே எடுக்கிறோம். லொறிக்குப் போகிறவற்றையும் ஒற்றைக் காலில் தூக்காமல், இரண்டு காலையும் சேர்த்து, நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கப் பழக்குங்கள். இதற்குச் செலவில்லை, கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். முறிந்த காலோடு வருகிற கோழிக்கு இறைச்சிக்கடைக்காரரும் விலை குறைப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்.

துருப்பிடித்த கூண்டை மாற்றும் காலம் வரும்போது, அதே அளவில் புதுக் கூண்டு வாங்காதீர்கள். ஒரு கொட்டகையையாவது தரையில் விட்டு, தடியும் முட்டைப் பெட்டியும் மணலும் வைத்துப் பாருங்கள். அதன் முட்டைக்குக் கூடுதல் விலை கொடுக்கக் கொழும்பில் ஆள் உண்டு. நாங்கள் முதலில் வாங்குவோம், வாங்குகிறவர்களையும் கூட்டிக்கொண்டு வருவோம்.

எங்கள் பக்கத்தில்: பண்ணையின் பெயரோ, பெட்டியோ, வாகன இலக்கமோ தெரியும்படி எந்தப் படமும் வெளியே போகாது. இனிமேல் கோழி வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அதை எழுத்தில் வாங்கிக்கொள்வோம். எங்கள் பெட்டியில்தான் ஏற்றுவோம். காசு அந்த இடத்திலேயே, கையில்.

உங்களில் பலர் சித்திரைப் புதுவருட வியாபாரம் முடிந்த கையோடு கொட்டகை மாற்றுகிறீர்கள் என்று லொறிக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன் பதில் வேண்டும். கடிதமாக வேண்டியதில்லை, குரல்பதிவு போதும், தமிழோ சிங்களமோ. என் இலக்கம் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. முடியாது என்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், தூக்காமல் விடாதீர்கள்.